வீட்டில் ஒரு புகைப்படக்காரன் இருந்தும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். என் இடது முழங்கால் மட்டும் இந்த வாக்கியத்துக்கு உடன்படவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னை அதட்டிய குரலில் நோயின் சாயல் சிறிதும் இல்லை. உன்னோடு நிரந்தரமாக வந்து தங்குவதற்கான விசாவுக்கு நீ கேட்டது ஒரே ஒரு புகைப்படம். வெள்ளைப் பின்னணி, நேர்ப்பார்வை, மூடிய வாய். கடைசி நிபந்தனைதான் அம்மாவுக்குக் கஷ்டம் என்று சொல்லிச் சிரித்தாய். சனிக்கிழமைக்குள் படம் வராவிட்டால் இந்த ஆண்டு வாய்ப்புப் போய்விடும் என்றாய், புகைப்படக்காரனையே வீட்டில் வைத்துக்கொண்டு இதற்கு இத்தனை நாளா என்றும் கேட்டாய். அந்தக் கேள்வியை இந்த வாரம் முழுவதும் உன் தம்பியிடம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன், முழுவதும் படித்த பிறகு கோபப்படு.

திங்கட்கிழமை காலையில் தலைவாரி, சாயம் போகாத நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுவதும் செருப்பு. அத்தனையும் இடது காலுக்கு உரியவை. ஒரு கடையின் விற்பனைப் பட்டியலுக்குப் படமாம், ஜோடி தேவையில்லையாம். சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, மேசையை இம்மியளவும் நகர்த்தக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கல்லூரியில் எனக்கு ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று கற்பித்தார்கள். இந்த வீட்டில் அது உன் தம்பி சொல்லும் பக்கம்தான் செல்கிறது. நான் அடுக்களையில் நின்றபடி சாப்பிட்டேன். சாயங்காலம் எடுக்கலாம் என்றான். சாயங்காலம் கணினியின் முன் அமர்ந்து செருப்பின் தூசியை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினான். செருப்புக்கு முகம் கழுவிவிட நேரமிருக்கிறது, பெற்றவளுக்கு ஒரு படம் எடுக்க நேரமில்லை என்று சொன்னேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டான். அவனோடு சண்டை போடுவதில் இதுதான் தொல்லை, ஒத்துக்கொண்டுவிடுவான்.

மறுநாள் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவரைப் படமெடுக்க வேண்டும், நானும் போனேன். இது உனக்குத் தெரியாது: பெரிய மனிதர்கள் வந்து உட்காருமுன் விளக்குகளைச் சரிசெய்துவிட வேண்டும், அதற்கு நாற்காலியில் ஓர் உடம்பு வேண்டும், கொஞ்ச காலமாக அந்த உடம்பு நான்தான். முன்பு தலையணையை நிறுத்தி வைத்துப் பார்த்தானாம். தலையணைக்கு மூக்கு இல்லாததால் நிழல் எங்கே விழுகிறதென்று தெரியவில்லையாம். என் மூக்கில் அந்தக் குறை இல்லை. உன் மூக்கிலும் இல்லை. தலைவர் கறுப்புக் கோட்டுடன் வருவார் என்பதால் உன் தம்பியின் கோட்டை எனக்கு மாட்டி, மாடியிலிருந்த கூட்ட அறையில் உட்காரவைத்து, தாடையை ஏற்று இறக்கு என்று பாடுபடுத்திப் பல படம் எடுத்தான். இதில் ஒன்றை அக்காவுக்கு அனுப்பேன்டா என்றேன். பாதி முகம் நிழலில் இருக்கிறது, பின்னணி சாம்பல் நிறம், விசாக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தவிர இவை சோதனைப் படங்கள், அழித்துவிடுவேன் என்றான். நியாயமான பதில். ஆனால் அந்த அறையிலேயே வெள்ளைச் சுவர் ஒன்று இருந்தது; அதைக் காட்டினால் தலைவர் வரும் நேரம் என்று என்னை எழுப்பிவிட்டான்.

புதன்கிழமை ஒரு பள்ளியில் வகுப்புவாரியாகக் குழுப்படம். குழந்தைகளைக் கத்திக் கத்தி வரிசையில் நிறுத்திவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்தான், காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் தூங்கிவிட்டான், எனக்கும் எழுப்ப மனமில்லை. வியாழக்கிழமை அந்த நிறுவனத்திலிருந்து தொலைபேசி. அவன் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். தலைவரின் செயலாளராம், தன்மையாகப் பேசும் பெண். "நீங்க அனுப்பின படங்கள்ல வயசான மேடம் ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களுக்குக் கீழ என்ன பதவின்னு போடணும்?" என்று கேட்டாள். உன் மகா கெட்டிக்காரத் தம்பி அவசரத்தில் சோதனைப் படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறான், அவர்களும் கோட்டைப் பார்த்து நம்பி, ஆண்டறிக்கையில் தலைவருக்கு அடுத்த இடத்தில் என்னை வைத்துவிட்டார்கள். நான் விளக்குக்காக உட்கார்ந்தவள், பதவி எதுவும் வேண்டாம் என்று விளக்கினேன். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொன்னா உங்க படம்தான் நல்லா வந்திருக்கு மேடம். சார் அதனாலதான் கோபமா இருக்கார்" என்றாள். வெள்ளிக்கிழமை மறுபடி எடுத்துத் தர வேண்டுமென்று முடிவாயிற்று. எனக்கு ஒதுக்கியிருந்த நாள் வெள்ளிக்கிழமை.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் மேல்வீட்டுப் பெண் கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் வேண்டுமென்று வந்தாள். சுவரில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, தலை நிற்காத அந்தக் குழந்தையை நேராகப் பார்க்கவைத்து, அவள் தூக்கிய குழந்தையை இறக்குவதற்குள் வேலையை முடித்துவிட்டான். துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய் அதன் முன்னால் நின்றேன். வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லிக் கேமராவை உறையில் போட்டு மூடினான். அந்த வெளிச்சம், மகளே, சுவிட்சைத் தட்டினால் வருவது.

அதன்பின் வெள்ளிக்கிழமை நான் அவனோடு போகவில்லை, தலையணையை எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டேன். இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைக் கடையில் படம் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று கதவைத் திறந்தேன். "உக்காரும்மா" என்றான். உட்கார்ந்தேன். நாற்காலியில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. இதற்கா ஒரு வாரம் என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் கேமராவின் முதுகைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நிமிஷ வேலைதான். அதை முடிச்சா நீ போயிடுவ" என்றான். நாற்பதைத் தாண்டியவன். இதைத் திங்கட்கிழமையே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? "போகணும்னு நான் சொன்னேனா?" என்று கேட்டேன். "போகலன்னும் சொல்லலையே" என்றான். உண்மைதான், சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வதற்கு. நீ விண்ணப்பத்தை நிரப்பினாய், அவன் படத்தை நிறுத்திவைத்தான், இருவரில் ஒருவருக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

இனி என் பதில். நீ கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. போன மாதம் நான் குளியலறையில் வழுக்கியபோது அவன் வீட்டில் இல்லை, இனியும் பல நேரம் இருக்கமாட்டான், அது அவன் தொழில். அதற்காக நேற்று ஆள் வரவழைத்துக் குளியலறையில் கைப்பிடி வைத்தாயிற்று, ஒரு சாவி மேல்வீட்டில் கொடுத்தாயிற்று. விண்ணப்பத்தில் நிரந்தரக் குடியிருப்பு என்பதை அடித்துவிட்டுப் பார்வையாளர் என்று மாற்று. என் வயதில் நிரந்தரம் என்பது எந்த அரசாங்கத்தின் கையிலும் இல்லை. அவனுக்கு வேலை குறையும் பருவத்தில் வருகிறேன், குழந்தைகளோடு இருக்கிறேன், யாராவது என்னை ஓய்வெடுக்கச் சொல்லத் தொடங்கியதும் திரும்பிவிடுகிறேன். எனக்கு இங்கே நாற்காலியில் உட்காரும் உத்தியோகம் இருக்கிறது. உன் வீட்டில் நாற்காலி மட்டும்தான் இருக்கும்.

சனிக்கிழமை தவறக் கூடாது என்பதால் இந்தக் கடிதத்தின் பக்கங்களையும் அவனே படமெடுத்து விசாப் படத்தோடு உனக்கு அனுப்புகிறான். படிக்க மாட்டேன் என்கிறான். படிப்பான்; படிக்கட்டும். கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை எடுத்துவிடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன், விமான நிலையத்தில் வந்து நிற்கப்போவது சுருக்கத்தோடுதானே. நீங்கள் எல்லாரும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள். பெரியவனைக் குனிந்து படிக்காமல் நிமிர்ந்து உட்காரச் சொல், சின்னவளின் இருமலை அலட்சியம் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் முதலில் தம்பியோடு பேசு, அதட்டாமல் பேசு. மறக்காதே, பார்வையாளர்.

உங்கள் இருவருக்கும்
அம்மா