பெயர் வைக்காத டிஸ்க்

இன்று பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு உன் ஹார்ட் டிஸ்க் கையில் வந்தது. பச்சை ஜாக்கெட்டில் மிஞ்சிய துணியில் நீ தைத்த உறை. போன் நிறைந்துவிட்டது என்று திருப்பதியில் நீதான் இதை வாங்கினாய். சென்னையில் இருக்கும் நம் மகளுக்கு நீ பேசி அனுப்பியதெல்லாம் இதில் இருக்கிறது.

நம் பையனின் கல்யாண வீடியோவையும் இதிலேயே ஏற்றப் பார்த்தேன். அதில்தான் நீ நடக்கிறாய், வரிசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு, யாரையோ அதட்டிக்கொண்டு. குரலும் நடையும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஃபைல் பெரியது, ஏறாது என்றது கம்ப்யூட்டர். இடம் நிறைய காலி. ஆனால் டிஸ்க் பழைய ஃபேட் முறையில் இருப்பதால் அவ்வளவு பெரிய ஒற்றை ஃபைலை வாங்காதாம்.

பையன் போனில் சொன்னான்: “எல்லாத்தையும் வேற எடத்துல காப்பி பண்ணிக்கினு, அத்த ஃபார்மட் போட்டுடு நைனா. சின்ன வேலை.”

ஃபார்மட் என்றால் அழிப்பது. மாட்டேன் என்றேன். காப்பிதான் இருக்கிறதே என்றான். இருக்கட்டும். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னான். உன்னை அழித்துவிட்டுத் திரும்ப வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தெலுங்கு மீடியத்தில் எட்டாவதோடு நின்றவன் நான். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அழிக்காமலே டிஸ்கின் முறையை மாற்ற ‘கன்வர்ட்’ என்ற கட்டளை இருப்பதை நானே தேடிப் பிடித்தேன். கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலில் அதை அடித்ததும் அனுமதி இல்லை என்றது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மறுபடி அடித்தேன். இப்போது டிஸ்கின் பெயரைக் கேட்டது. திரையில் ‘லோக்கல் டிஸ்க்’ என்றுதானே இருக்கிறது என்று அதையே கொடுத்தேன். தப்பு என்றது.

மகள் பெயரைக் கொடுத்தேன், பையன் பெயரைக் கொடுத்தேன். கடைசியில் உன் பெயரை அடித்தேன். நான் உன்னை ‘ஏமே’ என்பேன், நீ என்னை ‘இந்தாய்யா’ என்பாய். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் யாராவது கேட்டால்தான் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் சொல்வதற்காக இல்லாமல் அதை எழுதியது இதுதான் முதல்முறை. அதுவும் தப்பு என்றது.

நெட்டில் படித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பெயரே வைக்காத டிஸ்கைத்தான் கம்ப்யூட்டர் ‘லோக்கல் டிஸ்க்’ என்று காட்டுமாம். எதுவும் எழுதாமல் என்டர் தட்டினேன். ஒத்துக்கொண்டது.

உடனே இன்னொன்று சொன்னது: டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது, மாற்ற முடியாது. திரையின் பக்கத்து ஜன்னலில், நான் போட்டுவிட்டிருந்த பதிவில், நீ பேசிக்கொண்டிருந்தாய். மகளிடம் என்னைப் பற்றிப் புகார்: “உங்க நைனா அந்தப் பொட்டிய நோண்டிக்கினே கீறாரு. சோறு ஆறிப்போவுது. இந்தாய்யா, துன்ன வாயேன்.”

உன்னை நிறுத்தினால்தான் வேலை நடக்கும். கை போகவில்லை. நீ பேசி முடிக்கும்வரை கேட்டேன். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். பிறகு மூடினேன்.

டிஸ்க் மாறிவிட்டது. வீடியோவும் ஏறிவிட்டது. இப்போதாவது ‘அம்மா’ என்று பெயர் வை என்கிறான் பையன். வைக்க மாட்டேன். நம் வீட்டில் கூப்பிடுவதற்குப் பெயர் எப்போது வேண்டியிருந்தது?

அந்தப் பதிவின் முடிவில், தூரத்தில், என் குரலும் கேட்கிறது: “இருமே, வரேன்.”

இன்னமும் அதையேதான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.