ரோஸ்லின் அக்காவின் பூனை

8-11-98, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பாப்பாவுக்கு மூன்றாம் நாளாக மூச்சிரைப்பு. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவின் பூனையும் கழுத்தை நீட்டி நீட்டி இருமுகிறது. அதிலிருந்துதான் ஒட்டியிருக்கும். அக்கா சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, கருவாட்டைக் காட்டிப் பிடித்துச் சாக்கில் கட்டினேன். இவர் முகம் சுளித்தார். ஆனாலும் வண்டியில் கொண்டுபோய்க் குளத்தூரில் விட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் சுவருக்கு மேலே அக்கா தலை.
"ஏட்டி செல்வி, எம் பூனையக் காங்கலயே. பாத்தியா?"
"இல்லயேக்கா."
பொய் எவ்வளவு லேசாக வருகிறது.

10, செவ்வாய்
மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். பாப்பா சிரப் தீர்ந்தது.

அக்கா கையில் மாத்திரையோடு வந்தார். பூனையின் மலத்தைப் போன வாரமே மாட்டாஸ்பத்திரியில் கொடுத்திருந்தாராம். நுரையீரலில் புழுவாம்.

"ஓடில்லாத நத்தை இருக்குல்லா, வழவழன்னு? அதத் தின்னா வருமாம். அதத் தின்ன ஓணானத் தின்னாலும் வருமாம். மனுசருக்கு ஒட்டாதுன்னுட்டாரு டாக்டர். இந்த மாத்திரையில சரியாயிருமாம். குடுக்கத்தான் அது இல்ல."

பாப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் துவைகல்லடியில் ஈரச் செங்கல்லைப் புரட்டினேன். ஓடில்லாத நத்தைகள். ஏழெட்டு. பூனை தினமும் வந்து உட்காருகிற இடம். என் வீட்டில் தின்றதுதான் போல.

11, புதன்
பாப்பாவுக்குத் தேவலை. இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ்ஸில் குளத்தூர். வெயில், செருப்பெல்லாம் கரிசல் சேறு. இவர் சொன்ன இடத்தில் ஒரு டீக்கடை.

"அண்ணாச்சி, இங்கன இருமிக்கிட்டு ஒரு பூனை..."
"கெடந்துச்சும்மா. ரெண்டு நாளா பால் வச்சேன், குடிக்கல. இன்னைக்கு விடிஞ்சு பாத்தா வெறச்சுப் போயிருந்துச்சு. அந்தா, வேலிப் பக்கம் பொதச்சிருக்கு. உங்க பூனையா?"

ஆமா என்றேன். வேறென்ன சொல்ல.

12, வியாழன்
சொல்லிவிட்டேன். பிடித்தது, கட்டியது, குளத்தூர், டீக்கடை, எல்லாம். அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா உள்ள பூட்டி வச்சிருப்பேனே."

சுளகை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அக்கா கேட்டார்.

"சாக்குல போட்டப்ப கத்துச்சா?"

இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது.

"கத்துச்சுக்கா" என்றேன்.