ஒரே அச்சின் இரண்டு சக்கரங்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ பணிமனைத் தலைவன், நான் சோதனைக் கூடத்தில் எஃகை அழுத்திப் பார்ப்பவன் என்பதால் குடும்ப விஷயங்களிலும் பேசாமலே இருந்தேன். இன்று உன் உதவியாளர் வந்தார். லேத்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கப் போகிறாயாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து திரும்பி வந்த ரயில் சக்கரங்களை அவர் தவறாகக் கடைந்தார் என்று நான் சான்று எழுத வேண்டுமாம். நீ நேரில் வரவில்லை.

பின்னாலேயே லேத்காரர் வந்தார். "சார், ரெண்டையும் ஒரே அளவாத்தான் கடைஞ்சு அனுப்பினேன். போன இடத்துல ஒண்ணு மட்டும் இளைச்சு வந்தா, நானா அதைப் பட்டினி போட்டேன்?" என்றார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

சக்கரங்களைச் சோதித்தேன். கடினம் அறியும் சிறு உருண்டையை அழுத்தினால் ஒன்றில் பள்ளம் ஆழமாக விழுகிறது. மற்றதில் விழ மறுக்கிறது. ஒரே அச்சில் ஒன்று மிருது, ஒன்று கெட்டி. மிருதுவானது சீக்கிரம் தேய்ந்து சிறுக்கிறது. அச்சு அந்தப் பக்கமே ஒதுங்க, அந்தச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசி மெலிகிறது. பழைய சக்கர இருப்பைத் தீர்க்க, விட்டம் ஒத்துப்போனால் போதும், கடினம் பார்க்காமல் ஜோடி சேருங்கள் என்று உத்தரவு போட்டது யார்?

பிள்ளைகள் நலம்தானே.

அண்ணன்

மார்ச் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். பெரியப்பா ஏன் வருவதே இல்லை என்று சின்னவள் கேட்டபடி இருக்கிறாள்.

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் உத்தரவு என்னுடையது. வெளியே தெரிந்தால் என் நாற்காலி போய்விடும். லேத்காரருக்குக் கொஞ்ச நாள்தான். பிறகு நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எனக்காக விட்டுக்கொடுங்கள் அண்ணா. எப்போதும் விட்டுக்கொடுத்தவர்தானே நீங்கள்.

உங்கள் அன்புத் தம்பி

மார்ச் 9

தம்பி,

உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். கீழே ரயில் போகும்போதெல்லாம் எந்தச் சக்கரம் என்று காது தேடுகிறது.

தேய்ந்த சக்கரத்தைப் பெரிதாக்க முடியாது. அதனால் தேயாததையும் சீவி அதன் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். சில மாதத்தில் மறுபடி தேய்மானம், மறுபடி சீவல். கெட்டியாக இருந்ததற்குத் தண்டனை.

மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த வருஷம் நீ தேறவில்லை. "நீ போயிட்டா அவன் மனசு விட்டுடுவான்டா. ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குப் போங்க" என்றார் அப்பா. நீ பக்கத்தில் நின்று ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு சுளைகூட நீட்டவில்லை.

என்னைச் சீவியது போகட்டும். லேத்காரரைச் சீவ என் கையெழுத்தைத் தரமாட்டேன். சோதனை அறிக்கையில் முழுப் பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்தச் சக்கரங்கள் பூட்டிய ரயில் பெட்டிகளை உடனே ஓட்டத்திலிருந்து எடுக்கவும் சொல்லியிருக்கிறேன். பிரதி இதோடு இருக்கிறது. அவர்கள் கூப்பிடுவதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடலாம்.

அடியில் 'அண்ணன்' என்று எழுதப் போய், எழுதாமல் பேனாவை மூடினேன். திறந்தேன், மறுபடி மூடினேன். எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு நீ வாசலில் வந்து நிற்பாய். நானும் வழக்கம்போல் விட்டுக்கொடுத்துவிடுவேன். அறிக்கையில் போட்ட கையெழுத்து போதும். அந்தச் சொல்லைப் போடாமலே இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன்.