பாராட்டா, புகாரா

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம், பேசினால் அழுதுவிடுவேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

ஒரு சாமியார் கூட்டத்தைப் பற்றிய டிவி தொடருக்கு நேயர்கள் எழுதும் கருத்துகளைப் பாராட்டு, புகார் என்று பிரிப்பது என் வேலை. கதை முழுக்கக் கற்பனைதான். போன வாரக் கதையில், அந்தக் கூட்டத்தோடு போன பெண் வீடு திரும்பினாள். அவள் அப்பா கதவைத் திறக்கவில்லை. "போனவ போனவதான், சபாஷ் அப்பா" என்று பாராட்டுகள் குவிந்தன.

பக்கத்து மேசைக்காரி கேலி செய்தாள். "ஏண்டி, சீரியலுக்கெல்லாமா மூக்கை உறிஞ்சுவ?"

ஜலதோஷம் என்றேன்.

ஒரு தாய் மட்டும் எழுதியிருந்தார்: "என் பொண்ணும் இப்படித்தான் போனா. வந்தா முதல்ல சாப்பாடு போடுவேன், அப்புறம்தான் திட்டு." அதை எதில் சேர்ப்பதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்து, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கே குளிர் அதிகம். என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று, அப்பா. அக்கா அப்படியொரு கூட்டத்தோடு போன மறுநாள் வாசல் பூட்டை மாற்றினீர்கள். அவளிடம் இருப்பது பழைய சாவி. அந்தப் பழைய பூட்டையே திரும்பப் போட்டுவிடுங்கள்.