வீட்டில் எத்தனை பேர்

செவன் ஹில்ஸ்
19.05.2024

அன்புள்ள அன்னத்துக்கு,

"இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" வியாழக்கிழமை அரசாங்க வீடமைப்பு அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் மூன்று என்றேன். பக்கத்தில் நின்ற றிஷி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். முப்பத்தொரு வயதிலும் நம் பிள்ளைக்கு ஐந்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அந்த ஐந்துக்குள் அவன் பிழை விட்டதில்லை. மனைவி மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மெல்பன் போயிருக்கிறாள், ஆனி மாதம் வந்துவிடுவாள் என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

நீயும் ஜெனோஜாவும் பேத்தியும் சுகந்தானே? உன் இருமல் குறைந்ததா? போனில் கேட்கலாம்தான். ஆனால் உன் குரல் கேட்டால் றிஷி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்கிறான். திரும்ப உள்ளே கூட்டிவர ஒரு மணித்தியாலம் ஆகிறது. ஆகையால் கடிதமே நல்லது.

குளிர் இந்த முறை முந்திக்கொண்டு வந்துவிட்டது. காலையில் குசினியில் தேத்தண்ணி போட நின்றால் வாயால் ஆவி பறக்கிறது. "அப்பா, நான் கேத்தில்" என்று றிஷி ஊதிக் காட்டுகிறான். ஜன்னல் சட்டங்கள் சுருங்கி, விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. பேப்பரை மடித்துச் செருகுகிறேன். கதவடியில் பழைய துவாயைச் சுருட்டி வைக்கிறேன். ஹீற்றருக்கு முன்னால் காலை நீட்டினால் கால் மட்டும் ஊரில், மன்னாரில் இருக்கிறது, முதுகு இங்கேயே.

அதிகாரி பென்டில் ஹில் கடை றோல்ஸ் இரண்டு சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்தார். வீடு மிக நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று எழுதிவிட்டுப் போனார். நாங்கள் கேட்ட திருத்த வேலைக்கு ஆள் அனுப்புவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஏனென்று விளங்கவில்லை.

அன்புடன்,
யேசுராசா


பொயிண்ட் குக்
02.06.2024

அன்புள்ள றிஷி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். என் இருமல் விட்டுவிட்டது. இங்கே குளிர் உங்கள் பக்கத்தைவிடக் கூடத்தான். ஆனால் அது வாசலோடு நின்றுவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். றிஷியின் அறைச் சுவரில் மேலிருந்து கட்டில் வரைக்கும் கறுத்துப்போன பூஞ்சணத்தை நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதைக் கண்ட மனிசன் எப்படி நல்ல வீடு என்று எழுதுவார்? நீங்கள் துடைத்திருக்கிறீர்கள். பிளீச் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். வடிவில்லை என்று ஜன்னல் பேப்பரை உருவி எடுத்திருப்பீர்கள். வருகிறவருக்குக் குளிரக்கூடாதென்று விடியவே ஹீற்றரையும் போட்டு வைத்திருப்பீர்கள்.

நீங்கள் படிப்பித்த பள்ளிக்கூடத்து அதிபர் இரத்தினசிங்கத்தை நினைத்துப் பாருங்கள். கல்வி அதிகாரி வருகிற நாளில், மழைத் தண்ணீர் வடிந்த சுவருக்கு முன்னால் உயரமான பிள்ளைகளாகப் பார்த்து நிறுத்தி வைப்பாரே. அதிகாரி புகழ்ந்துவிட்டுப் போவார், கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். "அந்தாள் தன்ரை விண்ணப்பத்தைத் தானே கிழிக்குது" என்று வீட்டுக்கு வந்து சிரித்தது நீங்கள்தான்.

திரும்பவும் ஆள் வரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை துணியைத் தொடக்கூடாது.

ஜெனோஜா வேலைக்குத் திரும்புகிறாள். ஆகையால் ஆனியில் வர முடியாது. ஆடிக் கடைசியில், ஜூலை முடிய, பார்ப்போம்.

அன்னமலர்


செவன் ஹில்ஸ்
28.07.2024

அன்புள்ள அன்னத்துக்கு,

துடைத்தேன். மூன்று நாள் துடைத்தேன். வீட்டுக்கு வருகிறவரை அந்தச் சுவருக்கு முன்னால் இருத்த மனம் வரவில்லை. காய்ச்சல்காரன் டொக்டரிடம் போகுமுன் முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு போன கதைதான். இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன், சாட்சியை நானே அழித்துவிட்டு, ஏன் நம்புகிறார்கள் இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்ப எழுதிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை அதே அலுவலகத்திலிருந்து கிரிஜா என்று ஒரு பெண்பிள்ளை வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம்.

"சார், போன ரிப்போர்ட்ல வீடு அருமையா இருக்குன்னு போட்டிருக்கே?"

"அது என்ரை பிழை பிள்ளை. நான் துடைச்சுப்போட்டன்."

"எங்க அப்பாவும் இதேதான் சார் பண்ணுவார். டாக்டர் கேட்டா, எனக்கு ஒண்ணும் இல்லம்பார். சரி, சுவரைக் காட்டுங்க."

நீ சொன்னபடி ஆறு கிழமையாக நான் துணியைத் தொடவில்லை. அறைக் கதவைத் திறந்தால், திரும்பப் படரத் தொடங்கியிருந்த பூஞ்சணத்தைக் காணவில்லை, சுவர் பளிச்சென்று இருக்கிறது. மணி அடித்ததும் றிஷி துணியும் போத்தலுமாக உள்ளே போயிருக்கிறான். நாங்கள் வாசலில் கதைத்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள் கட்டிலில் ஏறி முடித்துவிட்டான். "இப்ப வடிவு" என்றான். ஆர் அவனுக்குப் பழக்கினது? நான்தான். அவனை ஏசவும் முடியவில்லை. அந்தப் பிளீச் மணத்தில் இருமத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.

அப்போதுதான் கோயிலில் ஆசீர்வதித்துத் தந்து, நீ மேசை லாச்சிக்குள் எடுத்துவைத்த பாஸ்கா மெழுகுதிரி ஞாபகம் வந்தது. நீ ஏசுவாய், தெரியும். வகுப்பில் காற்றைக் காட்டச் சொல்லிக் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டுவதுதான். அதைக் கொளுத்தி, பூட்டியிருந்த ஜன்னலின் அடியில் பிடித்தேன். சுடர் அப்படியே படுத்து அணைந்துபோயிற்று. றிஷி கைதட்டி "ஹாப்பி பேர்த்டே" பாடினான். நான்கு ஜன்னல், நான்கு பிறந்தநாள். கிரிஜா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வீடியோ எடுத்தது. கடைசி ஜன்னலில் சிரிப்பு நின்றுவிட்டது. "இதுல எப்படி சார் இருக்கீங்க?" என்றது.

இனித்தான் விஷயம். பென்டில் ஹில் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு யூனிற் வீடு காலியாகிறதாம். புதுக் கட்டடம். ஆனால் இரண்டு பேருக்கானது; ஒற்றைக் கட்டில் பிடிக்கிற அறை இரண்டு. மூன்று பேர் என்றால் அது கிடைக்காது. இந்த வீட்டிலேயே திருத்த வேலைக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த குளிரும் இதற்குள்தான் என்று அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னது. "அம்மா நிஜமாவே இங்க இருக்காங்களா சார்? அதைத்தான் மேல கேப்பாங்க."

படிவம் மேசையில் இருக்கிறது. எத்தனை பேர் என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். ஆடியும் முடிகிறது. நீ எப்போது வருகிறாய்?

யேசுராசா


பொயிண்ட் குக்
06.08.2024

றிஷி அப்பா,

இரண்டு என்று எழுதுங்கள்.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். குளிருக்குப் பயந்துதான் வரவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அது பாதி உண்மை. முப்பத்தொரு வருடம் அவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் நான் நித்திரை கொண்டேன். நீங்கள் வேலையால் வந்து படுத்தால் படுத்ததுதான். இங்கே வந்த முதல் கிழமை ஒருநாள் எட்டு மணிவரை எழும்பவில்லை. ஜெனோஜா பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

அந்த வீட்டை நினைத்தால் எனக்குக் குளிர் ஞாபகம் வருவதில்லை. அவன் அறைக்கும் குசினிக்கும் நடுவில் நான் நடந்த நடைதான் ஞாபகம் வருகிறது. என் பிள்ளையில் அன்பில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களிலும்.

ஆனி என்றேன், ஆடி என்றேன். இனி மாதம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அவன்தான் முதலே சரியாக எண்ணியிருக்கிறான்.

அவனுக்கு இரண்டு காலுறை போட்டுவிடுங்கள். கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள்.

அன்னமலர்


பென்டில் ஹில்
15.09.2024

அன்புள்ள அன்னத்துக்கு,

இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். கோபம் இருந்தது, அதனால்தான் இத்தனை நாள். நான்காம் நாள் றிஷிக்குக் காய்ச்சல். ஒரு கிழமை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டேன். நீ எழுதியது அந்தக் கதிரையில்தான் எனக்கு விளங்கியது. ஒரு கிழமைக்கே நான் பகலில் குசினியில் நின்றபடி நித்திரையாகிவிட்டேன். இப்போது அவனுக்குச் சுகம்.

போன சனிக்கிழமை இங்கே வந்தோம். இரண்டாம் மாடி. காலை வெயில் குசினி வரைக்கும் வருகிறது. அவன் போகிற, அவனைப் போன்றவர்களுக்கான வேலைப் பட்டறைக்கு ஒரே பஸ். சாமான் ஏற்றும்போது மூன்றாவது கதிரையையும் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். "இடம் பத்துமா சார்?" என்று உதவிக்கு வந்த கிரிஜா கேட்டது. "அம்மா விசிட்டர்" என்றான் றிஷி. பிறகு என்னைப் பார்த்து, "விசிட்டர் வந்தா துடைக்கோணும்" என்றான். கதிரை கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

வந்த அன்றே மிச்ச மெழுகுதிரியைக் கொளுத்தி ஜன்னலடியில் பிடித்தேன். சுடர் ஆடவில்லை. றிஷி பாடுவதற்குக் காத்துக்கொண்டு நின்றான். அது அணையவே இல்லை. கடைசியில் அவனே ஊத வேண்டியதாயிற்று.

நீயும் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி உன் அறை ஜன்னலடியில் பிடித்துப் பார். சுடர் நேராக நின்றால், அங்கேயே இரு.

யேசுராசா