ரோசம்மா சொன்ன வருஷம்

இன்று காலை காற்று திசை மாறிவிட்டது. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுத் தூள் ஜன்னல் வழியே வந்து வழக்குக் கட்டுகளின் மேலெல்லாம் படிந்து கிடக்கிறது. சுண்ணாம்பும் ஈரமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான். கோர்ட்டில் நம் மேஜையைக் கவுன் கையாலேயே துடைத்துவிட்டு, "ஊரே மூஞ்சில பவுடர் பூசிக்கினு கீது, நமக்கு மட்டும் இன்னாத்துக்குடா கருப்பு கோட்டு?" என்பாய். நீ போய் மூன்று வருடமாகிறது. உன் நாற்காலியில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள்.

சட்டக் கல்லூரி நாட்களில் ஊரிகத்தில் ரயில் ஏறினால் பெங்களூரு போய்ச் சேரும்வரை நமக்கு ஒரே சண்டைதான். இங்கே இரண்டு வக்கீல்கள் மோதுவார்கள், நீதிபதி நடுவில் உட்கார்ந்து கேட்பார். ஐரோப்பாவில் பல நாடுகளில் நீதிபதியே இறங்கி விசாரிப்பாராம். எது உசத்தி? உனக்கு எப்போதும் இரண்டாவதுதான். சுரங்கத்தில் விபத்து நடந்தால் சுரங்கத் துறை இன்ஸ்பெக்டர் இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போய், ஷிப்டில் இருந்த ஒவ்வொரு ஆளையும் கேட்பார் என்று உன் அப்பா சொல்லியிருந்தார். "மேல ஒக்காந்துக்கினு எவன் நல்லா பேசறான்னு பாத்தா, கீழ இன்னா நடந்துச்சுன்னு தெரியுமாடா?" என்பாய். நானும் விடமாட்டேன். "விசாரிக்கிறவனே தீர்ப்பும் சொன்னா, அவன் மொதல்லயே முடிவு கட்டிட்டான்னு வை, அப்புறம் யாரு அவன கேக்கறது?"

சட்டசபையையும் நீ விட்டுவைக்கவில்லை. "அங்கயும் இதே குஸ்திதான். மசோதாவ குழுவுக்கு அனுப்பி, அடி படப்போறவங்கள கூப்ட்டு கேக்கணும். கேக்காம கைய தூக்கிட்டு போயிட்டா, அப்புறம் கோர்ட்ல நாமதான் மாரடிக்கணும்." எதிரே சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருநாள் கும்பிட்டே விட்டார். "வக்கீல் சாமிங்களா, பங்காரப்பேட்டை வர்ற வரைக்குமாவது வாய மூடுங்க." எவ்வளவு சிரித்தோம்! அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை அந்த ரயிலில் போகலாம் போலிருக்கிறது.

பிறகு ரோசம்மா வழக்கு வந்தது. ஆண்டர்சன்பேட்டையில் மளிகைக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தவளைக் காலிசெய்யச் சொல்லிக் கடைக்காரர் போட்ட வழக்கு. பல வருடங்களாக வாடகைக்கு இருப்பவள் என்பது உன் கட்சி. கடையைப் பார்த்துக்கொள்ள நேற்று வந்தவள் என்பது கடைக்காரருக்காக நான் சொன்னது. குறுக்கு விசாரணையில் கேட்டேன், எந்த வருஷம் குடிவந்தீர்கள் என்று.

"வருஷம்லாம் எனக்கு இன்னா சாமி தெரியும்? பெரிய ராக் பர்ஸ்ட் ஆச்சே, அதுக்கு அடுத்த வாரம் வந்தேன்."

நம் ஊரில் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கணக்கு அப்படித்தான். அன்றைக்குக் கீழே பாறை வெடித்து வகுப்பறை ஆடியபோது, நீயும் நானும் ஒரே பெஞ்சிலிருந்து எழுந்து கைகோத்துக்கொண்டு சுரங்க ஷாஃப்ட் வாசலுக்கு ஓடியவர்கள் அல்லவா? அவள் சொன்னதைக் கேட்டு உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும் என்று, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் விட்டுவிட்டாய். நீதிபதி வடகர்நாடகத்திலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவர். அவருக்கு அது எந்த வருஷம் என்று எப்படித் தெரியும்? தாமே கேட்கச் சட்டத்தில் அவருக்கு அதிகாரம் உண்டு. அவரும் கேட்கவில்லை.

குடிவந்த காலத்தைச் சாட்சியால் சொல்ல முடியவில்லை என்று தீர்ப்பில் வந்தது. ரோசம்மா தட்டுமுட்டுச் சாமான்களோடு மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு வருடம்கூட அவள் இருக்கவில்லை, செத்துப்போனாள்.

தீர்ப்பன்று டீக்கடையில் நீ தலையில் அடித்துக்கொண்டாய். "நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்டா. ஜட்ஜுக்கு புரியலன்னு ஒனக்காவது தோணுச்சா?"

"இல்லடா. எனக்கும் தோணல" என்றேன்.

அதன்பிறகு நீ வீட்டு வழக்கு ஒன்றையும் தொடவில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும், "ரோசம்மாவ நான்தான்டா தெருவுல வுட்டேன்" என்று புலம்பினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பாவி நான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் எதிர்த்தரப்புச் சாட்சி சுரங்கத்துக் கணக்கில் காலம் சொன்னால், "அது எந்த வருஷம்னு ஜட்ஜுக்குச் சொல்லுங்கம்மா" என்று நானே கேட்டுவிடுகிறேன். என் கட்சிக்காரர்கள் முறைக்கிறார்கள். இரண்டு பேர் வழக்குக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டே போய்விட்டார்கள். போகட்டும். ஆனால் அதனால் மனம் ஆறுகிறது என்று சொன்னால் அதுவும் பொய்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதுடா. அவள் பதில் சொன்னதும் நீதிபதியின் பேனா நின்றது. புரியாமல் அவர் நிமிர்ந்து பார்த்தது என்னைத்தான். உடனே நான் உட்கார்ந்துவிட்டேன். ரோசம்மாவை நீ தெருவில் விடவில்லை. நான்தான் விட்டேன்.