வேட்டைக்காரன் போய்த் தேள் வரும் மாதம்

வாழவந்தி,
தை 12.

அன்புள்ள மாமாவுக்கு, சசிரேகா எழுதுவது. நானும் நம் பிள்ளை தீபிகாவும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் கவலை.

பொங்கலுக்கு முன் சிறைக்கு வந்து உங்களைப் பார்க்க மனுப் போட்டேன். நீங்கள் வர மறுத்ததாகக் காவலர் சொன்னார். இது மூன்றாவது முறை. கோபமில்லை. திரும்பும் பஸ்ஸில், ஆடியில் நீங்கள் எழுதிய ஒரே கடிதத்தை மறுபடி படித்தேன். சன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது, விடியுமுன் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கிறது, பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேறெதுவும் எழுதவில்லை.

பதில் சொல்ல இத்தனை நாளாயிற்று. தீபிகாவுக்குப் பள்ளியில் ஒரு வட்ட அட்டை கொடுத்தார்கள். மாதத்தையும் மணியையும் பொருத்தினால் அந்நேரத்து வானத்தைக் காட்டும். நீங்கள் பார்த்தது ஓரியன், வேட்டைக்காரன். அந்த மூன்றும் அவன் இடுப்புக் கச்சை. பக்கத்தில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. ஆடிக் கடைசியில் விடியலில் கிழக்கே ஏறுகிறான், புரட்டாசியில் உச்சிக்கு வருகிறான், கார்த்திகையில் மேற்கே சாய்கிறான். அவன் உங்கள் சன்னலை விட்டுப் போனது அதனால்தான். இப்போது பொழுது சாய்ந்ததும் கிழக்கே உயரத்தில் நிற்கிறான். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. விடியலில் தென்கிழக்கே விருச்சிகம் வந்திருக்கிறது. நடுவில் சிவப்பாக மின்னுவது கேட்டை. தேளின் வால் மாசியில்தான் முழுதாக ஏறும்.

காப்பிப் பறிப்புக்கு எஸ்டேட் ஜீப் ஐந்து மணிக்கே வருகிறது. விபத்துக்குப் பின் அங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. அதில் இறந்த ஐயாக்கண்ணு அண்ணனின் மனைவி மாரியம்மாக்காவும் நிற்கும்போது எப்படிப் பேசுவார்கள்? நான் தள்ளி நின்று வானத்தைப் பார்ப்பேன். மார்கழியில் ஒரு நாள் அக்காவே வந்து, "ஏம்புள்ள, தெனமும் மேல என்னத்தப் பாக்கற?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு நாள் தூங்காமல் நீங்கள் பிக்கப் ஓட்டியதையும், வளைவில் கண்ணசந்ததையும் மறைக்கவில்லை. நீங்களே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதுதானே. அக்கா போய் ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாளும் என் பக்கத்தில் வந்து நின்றார். அதற்கடுத்த நாளும். நேற்று கேட்டையை எனக்கு முன்பே கண்டுபிடித்தார். அதைப் பார்த்தபடியே, "உங்கூட்டுக்காரரு செஞ்சத நான் மறக்க மாட்டன் புள்ள," என்றார். பிறகு, "எங்கூட்டுக்காரரு உசுரு போறப்ப பக்கத்துல இருந்தது அவரு ஒருத்தருதான். கடைசியா என்ன சொன்னாருன்னு நான் கேக்கோணும். அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ," என்றார்.

இத்தனை மாதமாக அவர் அதை யாரிடமும் கேட்கவில்லை, மாமா. நானும் உங்களிடம் கேட்டதில்லை.

வருகிற வியாழக்கிழமை இருவரும் வருகிறோம். எனக்காக வர வேண்டாம். அக்காவுக்காக ஒரு முறை வெளியே வாருங்கள். நம் மலைச்சாமி சேர்வராயன் உங்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உங்கள்
சசிரேகா